திரும்பிப் பார்த்த கரடி

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று உங்கள் அதிகாரி கேட்டபோது முதலில் மறுத்துவிட்டேன். முன்னாள் படைவீரர்களின் கோப்புகளோடு இதே அலுவலகத்தில் பதினெட்டு வருடம் உட்கார்ந்திருந்தவனிடம் சொல்ல எவ்வளவோ இருக்கும். ஆனால் அவற்றில் பெரும்பாலானவை என் கெட்டிக்காரத்தனத்தைப் பற்றியவை. அவற்றை நானே ஊரெல்லாம் சொல்லித் தீர்த்துவிட்டேன். எனக்கு டீ வாங்கிக் கொடுத்து மாட்டிக்கொண்டவர்களைக் கேட்டால் தெரியும். சொல்லாமல் வைத்திருப்பது ஒன்றே ஒன்று. அதைத்தான் எழுதுகிறேன். படித்த பிறகு என்னைப் பற்றி நீங்கள் என்ன நினைத்தாலும் அது நியாயமாகத்தான் இருக்கும்.

பட்டாளத்தில் நான் ஸ்டோர் ஹவில்தார். தொப்பியில் குத்தும் பித்தளை முத்திரை, தோள்பட்டை எழுத்து, கையின் மேல்பக்கம் தைக்கிற துணிச் சின்னம், எல்லாம் என் அலமாரியைத் தாண்டித்தான் யாருக்கும் போகும். நாளடைவில் அது எனக்குப் பைத்தியமாகவே ஆகிவிட்டது. முத்திரையில் ஊதுகொம்பு இருந்தால் அந்தப் படை ஒரு காலத்தில் முன்னால் ஓடி வேவு பார்த்தது என்று அர்த்தம். எரிகிற குண்டு இருந்தால் அதன் மூத்த வீரர்கள் கையெறி குண்டு வீசியவர்கள். பழைய முத்திரைகளில் கிரீடம் இருந்த இடத்தில் பிறகு சிங்கங்கள் வந்து உட்கார்ந்தன. வெளியே இருப்பவனுக்கு அது தகரமும் நூலும். போட்டிருப்பவனுக்கு ஊரும் குலமும் அதுதான். இதையெல்லாம் நான் மணிக்கணக்கில் பேசுவேன். என் மனைவி அடுக்களைக்குள் போய்விடுவாள்.

இந்தக் கதைக்கு நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டிய விதி ஒன்றுதான். கைச்சின்னம் எப்போதும் சோடியாக வரும். அதில் ஒரு விலங்கு இருந்தால், வலது கையிலும் இடது கையிலும் அது முன்னால் பார்த்தபடிதான் இருக்க வேண்டும். அதற்காகவே இரண்டையும் எதிரெதிராக நெய்வார்கள். முன்னால் என்றால் எதிரி இருக்கிற பக்கம். இடது வலது மாறித் தைத்தால் விலங்கு பின்னால் பார்க்கும், அதாவது ஓடுகிறது என்று பொருள். பட்டாளத்தில் முதல் மாதத்திலேயே இதை மண்டையில் ஏற்றிவிடுவார்கள்.

நான் இந்த அலுவலகத்துக்கு வந்த புதிதில் தலைமை எழுத்தர் ஒருவர் இருந்தார். பெயர் சொன்னால் கோபித்துக்கொள்வார். பட்டாளத்தின் வாசனையே இல்லாதவர்; வாக்கிங் போவதற்கே யோசிக்கிற உடம்பு. வருகிறவர்களின் தொப்பியைப் பார்த்தே நான் தீர்ப்புச் சொல்வதைக் கொஞ்ச நாள் கவனித்துவிட்டு ஒரு நாள் கூப்பிட்டார். "சந்தேகப்பட வேண்டாம்னு சொல்லலீங்க. கதவச் சாத்திட்டுச் சந்தேகப்படுங்க," என்றார். இவருக்கு என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் ஓய்வு பெற்றுப் போன சில வருடங்களுக்குப் பிறகு, கீழே சமவெளியில் ஒரு விழாவில் நெஞ்சு நிறையப் பதக்கத்தோடு ஒரு ஆள் முன்வரிசையில் வந்து உட்கார்ந்திருந்தார். அவருடைய கைச்சின்னத்தில் விலங்கு பின்னால் பார்த்தது. கடையில் வாங்கி, விவரம் தெரியாத தையல்காரரிடம் கொடுத்துத் தைத்தது. தனியாக அழைத்துப் போய் நாலு கேள்வி கேட்டேன். பட்டாளத்து வாசலையே மிதிக்காத ஆள் என்று வெளிவந்தது. அலுவலகத்தில் என்னைத் தூக்கிவைத்துக் கொண்டாடினார்கள். ஒரு வாரம் எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

அதற்கு அடுத்த மாதம்தான் கொல்லிமலையில் கல் திறப்பு விழா. மலையின் நாடுகளிலிருந்து (அங்கே ஊர்த் தொகுப்பை நாடு என்பார்கள்) பட்டாளத்துக்குப் போய் வந்தவர்கள் எல்லாருடைய பெயரையும், அவரவர் படைச் சின்னத்தோடு ஒரு கருங்கல்லில் பொறித்து, செம்மேட்டில் நிறுத்த ஏற்பாடு. பெயர்ப் பட்டியலையும் சின்னங்களையும் சரிபார்க்கும் பொறுப்பு என்னுடையது. இருபத்துமூன்று பெயர். அதில் ஒரே ஒருவருக்கு மட்டும் ஆவணம் இல்லை. திருப்புலி நாட்டு வெள்ளையன். வீடு எரிந்தபோது பட்டாளத்துப் புத்தகமும் எரிந்துவிட்டது என்று எழுதிக் கொடுத்திருந்தார். கோவேறு கழுதை ஓட்டியாகப் பனிமலையில் பன்னிரண்டு வருடம் இருந்ததாகச் சொன்னார். படை எண் மனப்பாடமாகச் சொன்னார். உறுதிசெய்து தரும்படி ஆவணக் காப்பகத்துக்கு எழுதியிருந்தேன். பதில் வரவில்லை. கல் பொறிப்பவர் அவசரப்படுத்தியதால் பெயரைச் சேர்த்துவிட்டோம்.

விழா அன்று அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து விடியற்காலையே ஜீப்பில் ஏறிவிட்டேன். சந்தை நாளாகப் பார்த்து விழா வைத்திருந்தார்கள். பலாவும் குச்சிக்கிழங்கும் இறக்கிப் போட்டிருந்த இடத்திலிருந்து கல் நிற்கிற இடம் வரைக்கும் கூட்டம். விருந்தினராக வரவிருந்தவர் ஓய்வுபெற்ற பெரிய அதிகாரி. கார் மலை ஏறத் தொடங்கிவிட்டது, இன்னும் இருபது நிமிடம் என்று போன் வந்தது. என் மேலதிகாரி என் காதருகே வந்து, பழைய மாதிரி ஒரு போலி இங்கே உட்கார்ந்திருந்து பத்திரிகையில் வந்தால் நம் இருவர் வேலையும் போச்சு என்று சொல்லிவிட்டுப் போனார். வீரர்களை வரிசையாக உட்காரவைக்க மைக் என் கையில் இருந்தது.

அப்போதுதான் வெள்ளையன் வந்தார். எழுபதைத் தாண்டிய ஒல்லியான மனிதர். வேட்டிக்கு மேலே பழைய பச்சைக் கோட்டு. பக்கத்தில் அவருடைய மகள் மாரியாயி, நாற்பது வயது இருக்கும், அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். நான் முகத்தைப் பார்க்கவில்லை. கையைத்தான் பார்த்தேன். அவருடைய படைப்பிரிவின் சின்னம் ஒரு கரடி என்று வைத்துக்கொள்ளுங்கள். உண்மையான விலங்கைச் சொல்லி அந்தப் பிரிவை இதில் இழுக்க எனக்கு விருப்பமில்லை. இரண்டு கையிலும் கரடி பின்னால் பார்த்துக்கொண்டிருந்தது.

எனக்குள் ஒரு சந்தோஷம் எழுந்தது. அதை மறைத்துப் பயனில்லை. இன்னொருவன் சிக்கினான் என்ற சந்தோஷம்.

வரிசைக்கு முன்னால் அவரை நிறுத்தினேன். கரடி ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்டேன். நான் கேட்டது ஒலிபெருக்கி வழியாகச் சந்தை முழுக்கப் போனது. பேரம் பேசிக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பினார்கள்.

"அது திரும்பிப் பாக்குதுங்க சாப்," என்றார். மைக்கில் அதுவும் கேட்டது.

நான் சிரித்தேன். நான் சிரித்ததைப் பார்த்துச் சிலர் சிரித்தார்கள். பட்டாளத்துக் கரடி திரும்பிப் பார்க்காது பெரியவரே, எந்தக் கடையில் வாங்கினீர்கள் என்று கேட்டேன். அவர் நேராக நின்றார். விருந்தினர் வருவதற்குள் கோட்டைக் கழற்றுங்கள் என்று, பரேடு மைதானத்தில் போடுகிற அதே குரலில் சொன்னேன்.

கழற்றினார். கழற்றி அதை மடித்தார். பொத்தான்களைப் போட்டு, கைகளை உள்ளே திருப்பி, காலரைப் பிடித்து மூன்றாக மடித்து, விளிம்பை விரலால் ஒரு முறை நீவி, நாற்காலியின் மேல் வைத்தார். அந்த மடிப்பை நான் எத்தனை ஆயிரம் முறை பார்த்திருப்பேன். எந்தக் கடையிலும் அது விற்காது. தூக்கத்தில் எழுப்பிச் சொன்னாலும் கை தானாகச் செய்யும்படி வருடக்கணக்கில் திட்டும் அடியும் வாங்கினால்தான் அது வரும்.

அந்த இடத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. இவர் பட்டாளத்தில் இருந்தவர். கரடிக்கு ஏதோ காரணம் இருக்கிறது. எனக்குத் தெரியாத காரணம். தம்பிகளே, நான் உங்களுக்குச் சொல்ல வந்த இடம் இதுதான். தெரியாமல் செய்த தப்பு அதுவரைக்கும்தான். அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் தெரிந்து செய்தது. முந்நூறு பேருக்கு முன்னால் சொன்ன வார்த்தையைத் திரும்ப வாங்க வேண்டும். கார் கடைசி வளைவில் வந்துகொண்டிருந்தது. மேலதிகாரி என்னைப் பார்த்துச் சரி என்று தலையாட்டிக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறக்கவில்லை. கல்லில் அவர் பெயர் இருந்த இடத்தில் செய்தித்தாளைக் கிழித்து ஒட்டச் சொன்னேன். மாரியாயி அப்பாவின் கோட்டை எடுத்துக்கொண்டு அவரைக் கூட்டத்துக்கு வெளியே அழைத்துப் போனார். யாரோ பின்னாலிருந்து "டூப்ளிகேட்டு" என்று கத்தினார்கள். சந்தையில் அது ஒரு கடையிலிருந்து இன்னொரு கடைக்குப் போவதை மேடையிலிருந்தே பார்த்தேன்.

மைக் அணைந்திருக்கிறது என்று நினைத்துத்தான் கேட்டேன் என்று பிறகு அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தேன். அது பொய். என் குரல் எனக்கே கேட்டுக்கொண்டிருந்தது.

மூன்று வாரம் கழித்து ஆவணக் காப்பகத்திலிருந்து பதில் வந்தது. எண் சரி, பெயர் சரி, பன்னிரண்டு வருடம் சரி. கரடி மட்டும் புரியவில்லை. வெள்ளையன் இருந்த படைக் கம்பெனியில் ஒரு காலத்தில் அதிகாரியாக இருந்த ஒருவரின் முகவரியைத் தேடிப் பிடித்து எழுதினேன். அவர் இரண்டு பக்கம் எழுதியிருந்தார். ஒரு குளிர்காலத்தில் உயரத்துக் காவல் நிலையத்திலிருந்து இறங்கும்போது பனிச்சரிவு வந்து மூன்று ஓட்டிகளையும் அவர்களுடைய விலங்குகளையும் மூடிவிட்டது. அடுத்த சரிவு எந்த நேரமும் வரலாம். மற்றவர்களைக் காப்பாற்ற உடனே இறங்கும்படி உத்தரவிட்டவர் அவரே. கீழே வந்து சேர்ந்த மறுநாள் காலை அணிவகுப்பில் அத்தனை பேரும் சின்னத்தை இடது வலது மாற்றித் தைத்துக்கொண்டு வந்து நின்றார்களாம். யாரும் பேசி வைத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. அவர் ஒன்றும் சொல்லாமல் தன்னுடையதையும் மாற்றிக்கொண்டார். இரண்டு வருடம் கழித்து மேலிடத்து உத்தரவு வந்து சரியாகத் தைக்கச் சொன்னது. அதற்குள் ஊர் திரும்பிவிட்டவர்கள் மட்டும் அப்படியே வைத்திருந்தார்கள்.

எந்தப் புத்தகத்திலும் இது கிடையாது. எனக்கு எல்லாப் புத்தகமும் தெரியும்.

திருப்புலி நாட்டுக்குக் கிராம அலுவலரோடு ஜீப்பில் போனேன். சாமைக் காட்டுக்கு மேலே ஓட்டு வீடு. வெள்ளையன் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று சலாம் வைத்தார். எனக்கு அங்கேயே செத்துவிடலாம் போல இருந்தது. தப்பு என்னுடையது, மன்னித்துவிடுங்கள் என்று எப்படியோ சொல்லி முடித்தேன். அவர் கையை அசைத்துவிட்டார். "உங்க டூட்டிய நீங்க பாத்தீங்க சாப்," என்றார்.

பிறகு அந்தக் கடிதத்தைப் பற்றிச் சொன்னேன். இறந்துபோன தோழர்களைத் திரும்பிப் பார்ப்பதற்காகத்தான் கரடியை அப்படி வைத்தீர்கள், எவ்வளவு பெரிய மரியாதை என்று நான் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனேன்.

"மரியாதையெல்லாம் இல்லீங்க," என்றார். "அவங்க கத்தறது கேட்டுச்சுங்க. உசுரோடதான் கெடந்தாங்க. நாங்க திரும்பிப் பாக்காம எறங்கி வந்தோம். பாத்தா காலு நகராதுன்னு பாக்கலீங்க. அதுனாலதான் கரடியாச்சும் பாக்கட்டும்னு வெச்சமுங்க."

நாற்பது வருடமாகச் சின்னங்களில் வீரத்தைத்தான் படித்திருக்கிறேன். ஒரு கூட்டம் ஆட்கள் தங்கள் வெட்கத்தை எடுத்துக் கையில் தைத்துக்கொள்வார்கள் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. அதைத்தான் நான் சந்தையில் கழற்றச் சொன்னேன்.

கிளம்பும்போது கோட்டைப் பார்க்கலாமா என்று கேட்டேன். மாரியாயி எடுத்துவந்து காட்டினார். கரடிகள் இரண்டும் முன்னால் பார்த்துக்கொண்டிருந்தன. நான் சொன்னதற்கு மறுநாளே பிரித்து மாற்றித் தைக்கச் சொல்லிவிட்டாராம். சாப் சொன்னால் ஆர்டர்தானே என்றாராம்.

கல்லில் பெயரைத் திறந்துவிடுகிறேன், அலுவலகத்திலிருந்து கடிதமும் அனுப்புகிறேன் என்று மாரியாயியிடம் சொன்னேன். அவர் ஜீப் வரைக்கும் கூடவே வந்தார்.

"ஏனுங்க, செம்மேட்டுல சந்தைக்கு நடுவுல மைக் வெச்சு அப்பன மானங்கெடுத்துனீங்க. மன்னிப்பு மட்டும் ஊட்டுக்குள்ள வந்து கேக்கறீங்க. இது என்ன கணக்குங்க?"

கிராம அலுவலர் வேறு பக்கம் பார்த்தார். செய்கிறேன் என்றேன். செய்யவில்லை. மேலதிகாரி, பெயரைத் திறந்துவிடுங்கள், சத்தம் வேண்டாம் என்றார். அந்த வார்த்தை எனக்குச் சர்க்கரையாக இனித்தது. ஆளனுப்பிச் செய்தித்தாளைச் சுரண்டி எடுக்கச் சொன்னேன். சுரண்டியதில் அந்த ஒரு வரி மட்டும் வெளிறிப்போய், புதிதாகச் சேர்த்தது போல ஆகிவிட்டது. சந்தை நாளில் போக வேண்டும் என்று நினைப்பேன். அந்த நாளில் ஒரு ஆய்வு வரும், உறவில் ஒரு கல்யாணம் வரும், முட்டி வலிக்கும். மறந்துவிடும் என்றும் நினைத்துக்கொண்டேன். ஊரும் மறந்துவிடும், அவரும் மறந்துவிடுவார். ஒரு வருடம் இப்படியே போயிற்று.

அடுத்த வருட விழாவில்தான் மைக்கை வாங்கினேன். போன வருடம் இதே இடத்தில் வெள்ளையனை நான் அவமானப்படுத்தினேன், அவர் உண்மையான பட்டாளத்துக்காரர், தப்பு முழுக்க என்னுடையது என்று சொன்னேன். கரடியைப் பற்றிச் சொல்லவில்லை. அது அவருடையது. கூட்டத்தில் கைதட்டினார்கள். கோட்டு இல்லாமல் வெள்ளைச் சட்டையோடு வந்திருந்தவரை முன்வரிசையில் உட்காரவைத்தேன். சாப்பிடும்போது எனக்கு இரண்டு வாழைப்பழம் கூடுதலாக இறங்கியது. பாரம் இறங்கிவிட்டது என்று நினைத்தேன். அப்படி நினைத்ததற்கும் இப்போது வெட்கப்படுகிறேன்.

உங்களுக்கு ஏதாவது பாடம் சொல்ல வேண்டும் என்றால் இவ்வளவுதான். உங்களுக்கு விதி நன்றாகத் தெரிகிற இடத்தில்தான் அதிகமாகப் பயப்படுங்கள். எதிரே இருப்பவர் சொல்லும் பதில் முட்டாள்தனமாகப் பட்டால், சிரிப்பதற்கு முன்னால் ஏன் என்று இன்னொரு முறை கேளுங்கள். நான் கேட்டிருந்தால் அவர் சொல்லியிருப்பார். நடுவழியில் உங்கள் தப்பு உங்களுக்கே தெரிந்துவிட்டால், அங்கேயே நிறுத்திவிடுங்கள். அந்த நேரத்து அவமானம் ஒரு நாள் இருக்கும். நிறுத்தாமல் போனால் எத்தனை நாள் இருக்கும் என்பதை எனக்குப் போன ஐப்பசியில் ஒரு டீக்கடையில் காட்டினார்கள்.

வெள்ளையன் படுத்த படுக்கையாகக் கிடக்கிறார் என்று கேள்விப்பட்டுப் பார்க்கப் போயிருந்தேன். நானும் ஓய்வு பெற்று நாலு வருடம் ஆகிவிட்டது. ஜீப் எல்லாம் கிடையாது. பஸ்ஸில் போய் இறங்கினால், போன முறை பார்த்த மண்பாதை தார் ரோடாகி, இரண்டாகப் பிரிந்து போனது. எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. ரோட்டோரம் டீக்கடை வைத்திருந்த ஒரு பெண்ணிடம் வெள்ளையன் வீட்டுக்கு எப்படிப் போவது என்று கேட்டேன். முப்பது வயதுகூட இருக்காது. எந்த வெள்ளையன், இந்தப் பக்கமே நாலு பேர் இருக்கிறார்கள் என்றார். பட்டாளத்தில் இருந்தவர், வயசானவர், மகள் பேர் மாரியாயி என்று சொன்னேன்.

அவர் முகம் மலர்ந்தது. அதில் கேலி இல்லை, குத்தல் இல்லை. வழி சொல்கிறவர்களுக்கு இடம் பிடிபட்டதும் வருகிற சந்தோஷம்தான்.

"அட, டூப்ளிகேட்டுப் பட்டாளத்தார் ஊடுங்களா? அப்படிக் கேளுங்க. அவங்க பேத்தி எங்கூடத்தான் படிச்சா. மேல போற ரோட்டுல போங்க, மொளகுக் கொடி ஏறுன மரமெல்லாம் தாண்டி மொத ஊடு. அந்த ஊடுதானுங்களே?"

இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். அந்தப் பெயரை வைத்தவன் நான்தான் என்று சொல்லியிருக்க வேண்டும். பஸ்ஸில் வந்த களைப்பு, மழை வேறு தூற ஆரம்பித்திருந்தது, இருட்டுவதற்குள் போய்ச் சேர வேண்டும்.

"ஆமாம் கண்ணு," என்றேன். "அந்த ஊடுதான்."